வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்டி: வாங்கும் முன்னும் மாற்றும் முன்னும்

மாலை பள்ளி விட்டு வந்ததும் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைப்பேன். பால் பொங்கி, காபி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். 2014-ல் வாங்கிய மேசைக் கணினி. என்னுடைய வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், மதிப்பெண் பட்டியல்கள், பிள்ளைகளின் சிறு வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். “வயசாயிடுச்சு டீச்சர். புதுசு ஒண்ணு எடுத்திடுங்க, 35,000 ஆகும்” என்றார்கள். வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் நிலையில் அந்தத் தொகை எனக்குப் பெரியது. வயதாகிவிட்டது என்பது சரி, எந்த உறுப்புக்கு வயதாகிவிட்டது என்று பார்க்காமல் ஏன் மொத்தத்தையும் மாற்ற வேண்டும்?

நீங்களும் இதைப் பார்க்கலாம், செலவில்லை. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்று தெரியும். கணினி மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். என் கணினியில் சிபியு 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை. டிஸ்க் 100-ல் போய் நின்றது. அதாவது மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, கோப்பு எடுத்துத் தர வேண்டியவர்தான் மூச்சு வாங்குகிறார். உங்கள் கணினியில் டிஸ்க்கை விட மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பிக் கிடந்தால், முதலில் ரேம் கூட்டுவதுதான் முறை. சிபியு நிரம்பியிருந்தால் எஸ்எஸ்டி வாங்கியும் பெரிய பயன் இருக்காது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

டிஸ்க் ஏன் மூச்சு வாங்குகிறது? இதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கே போதும்.

மேசைக் கணினியில் உள்ள ஹார்டு டிஸ்க்கின் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகின்றன. அப்படியென்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. தேவையான தகவல் படிக்கும் முனைக்கு நேராக வர, சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும்: சுமார் 4.2 மில்லிநொடி. அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 9 மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால் ஒரு சிறு துண்டுத் தகவலை எடுக்க 13 மில்லிநொடிக்கு மேல். நொடிக்கு எத்தனை துண்டு? 1,000-ஐ 13.2-ஆல் வகுத்தால் 75 அல்லது 76. மடிக்கணினிகளில் உள்ள டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுதான், அதில் இன்னும் குறையும்.

விண்டோஸ் தொடங்கும்போது ஒரே பெரிய கோப்பைப் படிப்பதில்லை. தட்டின் மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடி எடுக்கிறது. பள்ளி அலுவலகத்தில் ஒரே ஒரு உதவியாளர், பத்து பீரோக்கள், ஒரு முறைக்கு ஒரே ஒரு தாள்தான் எடுத்து வருவார் என்றால் ஆய்வு நாளில் என்ன ஆகும்? அதுதான் தினமும் மாலையில் என் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. தகவல் சில்லுகளில் மின்னூட்டமாக நிற்கிறது. மின்சாரம் போனாலும் அழியாத இந்த ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா. இன்று எஸ்எஸ்டிகளில் உள்ள நேண்ட் வகையை அவர் குழு 1987-ல் அறிவித்தது. இதில் ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிநொடி அளவே ஆகும். நொடிக்கு 10,000 துண்டு. 75-க்கும் 10,000-க்கும் உள்ள இடைவெளிதான் நாம் உணரும் வேகம்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் இதைச் சொல்வதில்லை. சாட்டா வகை எஸ்எஸ்டியில் நொடிக்கு 500 எம்பி என்றும், என்விஎம்இ வகையில் 3,500 எம்பி என்றும் போட்டிருப்பார்கள். அது பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். மணிக்கணக்கில் காணொலி தொகுப்பவருக்கு அந்த வேறுபாடு பயன்படும். வினாத்தாள் தட்டச்சு செய்யும் நமக்கு இரண்டுக்கும் இடையில் பெரிதாக எதுவும் தெரியாது. ஏழு மடங்கு என்ற எண்ணைக் காட்டி விலை கூட்டினால் மயங்க வேண்டாம்.

எதை வாங்குவது?

பழைய மேசைக் கணினிக்கும், ஹார்டு டிஸ்க் உள்ள பழைய மடிக்கணினிக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் பொருந்தும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கினால், பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது 2.5 அங்குல டிஸ்க் என்றால் அதே இடத்தில் எஸ்எஸ்டி அமரும். புதிய கணினிகளில் சூயிங்கம் பட்டை போல நீளமாக இருக்கும் எம்.2 வகை வருகிறது. எம்.2-லேயே சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு, இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மதர்போர்டு எதை ஏற்கும் என்று தெரியாமல் இதை வாங்காதீர்கள்.

கொள்ளளவைப் பொறுத்தவரை, இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் முக்கியம். என் 500 ஜிபி டிஸ்க்கில் 170 ஜிபிதான் நிரம்பியிருந்தது, 240 ஜிபி போதுமானதாக இருந்தது. 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. எழுதவும் பழையதை ஒழுங்குபடுத்தவும் எஸ்எஸ்டிக்குக் காலியிடம் வேண்டும் என்பதால் 15, 20 விழுக்காடாவது விட்டு வைப்பது நல்லது.

பொருத்திய பிறகு 240 ஜிபி என்பது 223 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கு 1,024-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 107,37,41,824 பைட். 240-ஐ 100 கோடியால் பெருக்கி வரும் 24,000 கோடியை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். அடுக்குகள் நடத்தும்போது கரும்பலகையில் போட நல்ல கணக்கு.

மாற்றும் அந்த ஒரு மணி நேரம்

இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி பொருத்துவது இரண்டு இணைப்புகளும் நான்கு திருகுகளும்தான். தவறு நடப்பது அங்கே இல்லை, தகவலை நகர்த்தும் இடத்தில்.

எங்கள் பள்ளியிலேயே ஒரு தமிழாசிரியை. அவருடைய கணினியில் கடைசி இரண்டு வாரமாக “டிக் டிக்” என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தேர்வு முடியட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை அது கிளம்பவே இல்லை. 9 ஆண்டு வினாத்தாள்கள், தானே தட்டச்சு செய்த இலக்கணப் பயிற்சித் தாள்கள், மகளின் முதல் பிறந்தநாள் படங்கள். வேறு எங்கும் ஒரு படி கூட இல்லை. அன்று அவர் வகுப்புக்குப் போகவில்லை, ஓய்வறையில் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே எஸ்எஸ்டி வாங்கப் போகும் முன்பே, வேண்டிய கோப்புகளை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ படியெடுத்துவிடுங்கள். படியெடுத்தவற்றில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். கடையில் கொடுத்து மாற்றுவதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பழைய டிஸ்க்கை அழிக்காமல் கையில் தரச் சொல்லுங்கள்.

நான் வீட்டிலேயே செய்தேன். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுப்பதை குளோனிங் என்கிறார்கள். யூஎஸ்பி வழியாக எஸ்எஸ்டியை இணைத்து, அதற்கான மென்பொருளைத் திறந்தேன். திரையில் இரண்டு பெட்டிகள்: டிஸ்க் 0, டிஸ்க் 1. எதிலிருந்து, எதற்கு என்று நாம் காட்ட வேண்டும். நான் மாற்றிக் காட்டிவிட்டேன். தொடங்கு என்பதை அழுத்தப் போகும் நேரத்தில், எதிலிருந்து என்ற இடத்தில் 223 என்ற எண் கண்ணில் பட்டது. அழுத்தியிருந்தால் வெற்று எஸ்எஸ்டியின் வெறுமை என் டிஸ்க் மேல் ஏறியிருக்கும். கை நடுங்கிவிட்டது. டிஸ்க் 0, 1 என்ற பெயரை நம்பாதீர்கள், கொள்ளளவைப் பாருங்கள். இரண்டும் ஒரே கொள்ளளவு என்றால் தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள். அதன் பிறகு வீட்டில் உள்ள இன்னொருவரை அழைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். என் மகன்தான் படித்தான்.

நகலெடுத்து முடிந்ததும் கணினியை அணைத்து, மின்வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது. சாட்டா இணைப்புகள் ‘எல்’ வடிவில் இருப்பதால் தலைகீழாகப் பொருத்த முடியாது, வலுக்கட்டாயம் மட்டும் கூடாது. முதல் முறை கிளப்பும்போது பழைய டிஸ்க் கழற்றியே இருக்கட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் கணினி எதிலிருந்து கிளம்பியது என்ற குழப்பம் வரும். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள்.

என் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். முன்பு பொத்தானை அழுத்தியதிலிருந்து வேர்டு கோப்பு திறக்கும் வரை 4 நிமிடம் 10 நொடி. இப்போது 31 நொடி. பால் இன்னும் சூடாகவே இல்லை.

எஸ்எஸ்டியால் ஆகாதவை

இணையம் மெதுவாக இருந்தால் அது எஸ்எஸ்டியின் வேலை இல்லை. பதிவேற்றும் தளம் மாலை 6 மணிக்குத் திணறினால் 31 நொடியில் கிளம்பிய கணினியும் காத்திருக்கத்தான் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பிற தகுதிகள் பழைய கணினியில் இல்லையென்றால் எஸ்எஸ்டி அவற்றைக் கொண்டுவராது. அப்படிப்பட்ட கணினியில் லினக்ஸ் நிறுவிப் பாருங்கள். எஸ்எஸ்டியுடன் நன்றாகவே ஓடுகிறது.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தேய்வது உண்மை. ஒவ்வொரு முறை எழுதும்போதும் சில்லின் அறைகள் சிறிது நலிகின்றன. எவ்வளவு எழுதலாம் என்பதற்கு டிபிடபிள்யூ என்று ஓர் அளவு தந்திருப்பார்கள். அது 80 என்றால் 80 டெராபைட், அதாவது 80,000 ஜிபி. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், ஏறத்தாழ 11 ஆண்டு. நாம் அந்த அளவு எழுதுவதே இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குச் செய்து வந்த டிஃபிராக் மட்டும் இதற்கு வேண்டாம். துண்டுகளை அருகருகே அடுக்குவதால் இதில் பயன் இல்லை, வீணாக எழுதுவதுதான் மிச்சம்.

நான் அஞ்சுவது வேறு ஒன்றுக்கு. ஹார்டு டிஸ்க் பல நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும். தவறுதலாக அழித்த கோப்பை ஹார்டு டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டு. எஸ்எஸ்டியில், அழித்த இடத்தை உடனுக்குடன் துடைத்து வைக்க விண்டோஸ் டிரிம் என்ற ஆணையை அனுப்புவதால், மீட்பது பெரும்பாலும் நடக்காது. மின்சாரமே தராமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் வைத்தாலும் அதில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். வேகத்துக்கு எஸ்எஸ்டி, பாதுகாப்புக்கு இன்னொரு படி என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு மாதம் ஒரு முறை படியெடுக்கிறேன். அதற்கும் வயதாகிவிட்டதால் முக்கியமானவை இணைய சேமிப்பிலும் இருக்கின்றன.

தமிழாசிரியையின் நின்றுபோன டிஸ்க்கை வகுப்புக்குக் கேட்டேன், தயங்காமல் கொடுத்தார். நட்சத்திர முனைத் திருப்புளியால் முதல் நாள் இரவே திறந்து வைத்துக்கொண்டேன். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்கை மட்டுமே இப்படிப் பயன்படுத்துங்கள். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, நொறுங்கிக் கையைக் கிழிக்கும். உள்ளே இருக்கும் இரண்டு காந்தங்களும் விரலை நசுக்கும் அளவுக்கு வலிமையானவை.

எட்டாம் வகுப்பில் நேர்விகிதம், எதிர்விகிதம் நடத்தும் நாளில் அதை மேசை மேல் வைத்தேன். 7,200 சுற்று என்றேன், கணக்கை அவர்களே போட்டார்கள். “அப்போ 5,400-க்கு எவ்வளவு டீச்சர்?” என்று கேள்வியும் அவர்களிடமிருந்தே வந்தது. 11.1 மில்லிநொடி. சுற்று குறைந்தால் நேரம் கூடும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி போல மின்னும் தட்டில் முகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: “இதுல என்ன டீச்சர் இருந்துச்சு?”

“உங்க அக்கா அண்ணனெல்லாம் எழுதின தமிழ் வினாத்தாள்.”

“இப்போ அதெல்லாம் எங்கே போச்சு?”

தட்டில்தான் இன்னும் இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை என்றேன். அவள் தட்டைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் பார்த்தாள். அந்த டிஸ்க் இப்போது வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. காந்தங்களை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன்.