விதையின் பூட்டு

விதைத்த விதை முளைக்காவிட்டால், "எனக்குக் கைராசி இல்லை" என்று பலர் மனம் தளர்ந்துவிடுகின்றனர். உண்மையில், குறை கையில் இல்லை. ஒவ்வொரு விதைக்கும் ஒரு பூட்டு உண்டு. அதற்குரிய சாவியை அறிந்தால்தான் அது திறக்கும்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் ஆளுயரம் வளர்ந்து நீலப் பூங்கொத்துகளைத் தரும் செடி டெல்ஃபினியம். அதன் அழகில் மயங்கி, விதையை வாங்கி ஜொகூரில் விதைப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார். அவ்விதையின் சாவி குளிர்ச்சியாகும். ஏறக்குறைய 15 பாகை செல்சியசில் அது நன்கு முளைக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஜொகூரிலோ பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து முளைக்கச் செய்தாலும், வெளியே நடப்பட்ட நாற்று வெப்பம் தாங்காமல் வாடிவிடும்.

ஆயினும், நீலப்பூ ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. நம் வட்டாரத்து வேலிகளில் படரும் சங்குப்பூ இருக்கிறதே! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 'கருவிளை' என்று குறிப்பிடும் மலர் இதுவே. மலாய்மொழியில் இது 'புங்கா தெலாங்' எனப்படும். 'நாசி கெராபு' சோற்றுக்கு நீல நிறம் தருவதும் இப்பூவே.

சங்குப்பூ விதையின் பூட்டு அதன் கடினமான மேலுறையாகும். நீர் எளிதில் உட்புகாது. எனவே, விதையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் இலேசாகத் தேய்க்க வேண்டும். பிறகு, ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவைக்க வேண்டும். ஊறிப் பருத்த விதையை, நீர் தேங்காத மண்ணில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றலாம். ஓரிரு வாரங்களில் முளை தலைகாட்டும். நல்ல வெயிலும் படர்வதற்கு ஒரு பந்தலும் இருந்தால், சில வாரங்களில் கொடி பூக்கத் தொடங்கும். அடைமழைக் காலத்தில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகவே, தொட்டியின் அடியில் துளைகள் இருப்பது அவசியம்.

சங்குப்பூ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. இதனால், கொடி மட்கும்போது மண்ணும் வளமடைகிறது. காய்கள் பழுத்துக் காய்ந்ததும் விதைகளைச் சேகரித்து வைத்தால், அடுத்த முறை கடைக்குச் செல்லவும் வேண்டியதில்லை.

கைராசி என்று நாம் சொல்வது, விதையின் தேவையை அறிந்து செயல்படும் பொறுமையே ஆகும்.