பகையறிந்து பயிர் காத்தல்

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இந்நெறி மக்களுடலுக்கு மட்டுமன்றிப் பயிருக்கும் பொருந்தும். மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழுவின் வரலாறு இதனை இனிது விளக்கும்.

இப்புழுவின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியாகும். 2016ஆம் ஆண்டில் இது மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டு மே திங்களில் கருநாடகத்துச் சிவமொக்காப் பகுதியில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் புகுந்து, பெரம்பலூர், அரியலூர் முதலிய மாவட்டங்களில் உழவரைப் பெருந்துயரில் ஆழ்த்தியது. இதன் தாய் ஓர் அந்துப்பூச்சி. இரவில் நெடுந்தொலைவு பறக்கும் அப்பூச்சி, தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைகளுக்கு மேலும் இட வல்லது.

வயலிற் காணும் புழுவெல்லாம் படைப்புழு அன்று. நம் நாட்டிற்கே உரிய வேறு புழுக்களும் மக்காச்சோளத்தைத் தின்னும். ஆதலின் அடையாளம் அறிதல் இன்றியமையாதது. வளர்ந்த படைப்புழுவின் தலையில், ஆங்கில எழுத்தாகிய ‘ஒய்’யைத் தலைகீழாக எழுதினாற் போன்ற வெண்கோடு காணப்படும். ஆயின், இத்தகைய கோடு வேறு சில புழுக்களிலும் தோன்றுதலால், இஃதொன்றே போதாது. வாலின் அருகே, வயிற்றுப் பகுதியின் எட்டாம் கணுவில், நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்துள்ளனவா என்பதையும் நோக்குதல் வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைந்திருப்பின் அது படைப்புழு எனக் கொள்ளலாம். ஐயம் நீங்காவிடின் புழுவை வேளாண்மை அலுவலரிடம் காட்டித் தெளிதல் நன்று.

இனி, வயலை ஆராயும் முறையைக் காண்போம். வரப்போரத்துச் செடிகளை மட்டும் கண்டு முடிவு செய்தல் பிழையாகும். வயலினுள் ‘டபிள்யூ’ என்னும் எழுத்தின் வடிவில் நடந்து, ஐந்து இடங்களில் நின்று, இடத்திற்குப் பத்தாக 50 செடிகளைப் பார்த்தல் வேண்டும். இலையில் மயிர் போர்த்த முட்டைக் குவியல் உண்டா, பச்சையம் சுரண்டப்பட்டு இலை வெளிறியுள்ளதா, விரிந்த இலையில் துளைகள் வரிசையாக உள்ளனவா, குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் குவிந்துள்ளதா என நோக்குதல் வேண்டும். ஐம்பதில் பத்துச் செடிகள் தாக்குண்டிருப்பின், சேதம் நூற்றுக்கு இருபதாகும். இக்கணக்கைக் குறித்து வைத்தால், சேதம் பெருகுகின்றதா குறைகின்றதா என்பது அடுத்த முறை விளங்கும். இனக்கவர்ச்சிப் பொறியில் வீழும் ஆண் பூச்சிகளை எண்ணுதலும் பூச்சியின் வரவை முன்னரே உணர்த்தும்.

இவ்வாராய்ச்சியைக் காலத்திற் செய்தல் வேண்டும். இளம்புழு இலையின்மேல் இருந்து சிறிதே உண்ணும். வளர்ந்த புழுவோ குருத்தினுள் புகுந்து மிகுதியாக உண்ணும். அதன் எச்சமே குருத்தை அடைத்துக் கொள்வதால், தெளிக்கும் மருந்து உள்ளே சென்று சேர்வது அரிது. பகை இன்னதென அறியாது மருந்து தெளித்தால் பொருள் வீணாவதோடு, படைப்புழுவின் முட்டைகளை அழிக்கும் நுண்ணிய குளவிகளும் மடியும். முட்டைக் குவியலைத் தொடக்கத்திலேயே கண்டு கையால் நசுக்கிவிடுவார்க்கு அத்துன்பமும் செலவும் இல்லை.

படைப்புழு கண்ணுக்குத் தெரியாத பகையன்று. காண்பார் இல்லாத வயலிலேயே அது பெருகுகின்றது. நாள்தோறும் வயலை நோக்கும் உழவனின் கண்ணே பயிருக்கு முதற்காவலாகும்.