கோபுரம் ஏறுவோரின் கருவிப் பை

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையிலுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ளது. காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் பல உயரங்களில் அளப்பதற்காக அங்கு 50 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிறுவப்பட்டது. வானிலைக் கோபுரமாயினும், மின்பாதை அல்லது தொலைத்தொடர்புக் கோபுரமாயினும், கருவிகளைப் பொருத்தவும் பழுது நீக்கவும் தொழிலாளி மேலே ஏறியே ஆக வேண்டும். அவர் தோளில் தொங்கும் பையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவரது உயிர்ப் பாதுகாப்பு அமைகிறது.

விழாமல் காப்பவை

முதலில் வேண்டுவது தலைக்கவசமும் முழு உடல் பாதுகாப்புப் பட்டையும் ஆகும். இடுப்புப் பட்டை மட்டும் அணிந்தவர் விழுந்தால், தடுக்கப்படும் விசை முழுவதும் வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். முழு உடல் பட்டையோ அவ்விசையைத் தொடைகளுக்கும் தோள்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. இத்தகைய பட்டைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 3521 என்னும் தரத்தை வகுத்துள்ளது.

அடுத்தது, இரு கொக்கிகளையுடைய இணைப்புக் கயிறு. ஒரு கொக்கியைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றொன்று கோபுரத்தைப் பற்றியிருக்கும். கோண இரும்பில் மாட்டத்தக்க அகன்ற வாயும், தானே திறவாத பூட்டும் கொக்கிக்குத் தேவை.

ஒரு கணக்கு

கயிற்றின் நீளம் 2 மீட்டர். அதிர்ச்சி தாங்கி விரிவது 1.75 மீட்டர் வரை. பட்டையின் இணைப்பிலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், பாதுகாப்பு இடைவெளி 1 மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய இடத்திற்குக் கீழே 6.25 மீட்டர் தடையின்றி இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த உயரத்தில் இதே கயிறு, தொழிலாளி தரையில் மோதுவதைத் தடுக்காமற் போகலாம். அங்குக் குட்டையான கயிறு வேண்டும். கொக்கியையும் தலைக்கு மேலே மாட்ட வேண்டும்.

பாரம் தூக்கும் சாதனங்கள்

கப்பி, கயிறு, தூக்கு வார் ஆகிய ஒவ்வொன்றிலும் அது தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருத்தல் அவசியம். உச்சியிலுள்ள கப்பியின் வழியே கயிற்றின் இரு முனைகளும் தரையைத் தொட வேண்டுமாயின், 50 மீட்டர் கோபுரத்திற்கு 100 மீட்டருக்கும் மேற்பட்ட கயிறு தேவை. ஸ்பானர் போன்ற கருவிகளைச் சிறு கயிற்றால் பிணைத்தல் வேண்டும். அவ்வுயரத்திலிருந்து நழுவும் ஸ்பானர் மணிக்கு 110 கிலோமீட்டர் அளவு வேகத்தில் தரையை அடையும்.

மறக்கப்படும் பொருள்

விழுந்தவர் பட்டையில் அசைவற்றுத் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் நேரலாம். எனவே அவரைக் கீழிறக்கும் மீட்புக் கயிறும், அதனைக் கையாளப் பயின்ற மற்றொருவரும் இன்றியமையாதவர்கள். வெளியூரிலிருந்து உதவி வரும் வரை காத்திருக்க இயலாது.

அதிகாரிகள் கவனத்திற்கு

ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய பட்டையையும் கயிற்றையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. வெயில், எண்ணெய், அமிலம் ஆகியவை இழைகளை நலிவுறச் செய்யுமாதலால், ஏறுமுன் ஒவ்வொரு முறையும் ஆராய்ந்து பதிவேட்டில் குறித்தல் நன்று. மின்பாதையில் மின்னோட்டத்தை நிறுத்தி நில இணைப்பு அளிப்பதற்குப் பை ஒருபோதும் ஈடாகாது. ஒப்பந்தப் பணிகளில் பையின் விலையைத் தனி இனமாகக் காட்டுதல் வேண்டும். இல்லையேல், குறைந்த விலைப் போட்டியில் முதலில் குறைக்கப்படுவது தொழிலாளியின் பாதுகாப்பாகவே இருக்கும்.