குழந்தை இல்லையா? கணவரும் பரிசோதனைக்கு வரவேண்டும்



திருமணமாகி ஓராண்டு கடந்ததும் "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி மருமகளிடம்தான் கேட்கப்படுகிறது. ஸ்கேன், மாத்திரை, ஊசி என்று மருத்துவமனைப் படி ஏறுபவரும் அவர்தான். கணவர் வாசலில் வண்டியோடு காத்திருப்பார். ஆனால், குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கணவர் பக்கமும் காரணம் இருக்கிறது. அக்காரணங்களில் அடிக்கடி காணப்படுவதும், சரிசெய்யக்கூடியதுமான ஒன்று வேரிகோசில்.

வேரிகோசில் என்றால் என்ன?

விதைகளிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகளில் சிறு வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே தேங்கி, சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்ளும். சிலருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது போன்றதே இதுவும். பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் வரும். சிலருக்கு மந்தமான வலி இருக்கும். பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

விந்தணு நன்கு உருவாக, விதைகள் உடலைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தேங்கிய இரத்தம் அந்தச் சூட்டைக் கூட்டிவிடுகிறது. அதனால் விந்தணுக்களின் எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் குறையலாம். தாம்பத்திய உறவுக்கு இதனால் பொதுவாக எந்தக் குறையும் இல்லை. எனவே இதை ஆண்மைக் குறைவு என்று எண்ணி வெட்கப்படவோ, விளம்பரம் பார்த்து லேகியம் வாங்கவோ வேண்டாம்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா?

வேண்டாம். ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 15 பேருக்கு வேரிகோசில் உண்டு; அவர்களில் பலர் இயல்பாகவே தந்தையாகிறார்கள். குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் இது 100க்கு 35 முதல் 40 பேரிடம் காணப்படுகிறது. கீழ்க்கண்டவை சேர்ந்திருந்தால்தான் மருத்துவர்கள் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள்:

1. குழந்தைக்காக முயன்றும் தாமதமாவது.
2. மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே புடைப்பை உணர முடிவது. ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு புடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்வதால் பயன் இல்லை.
3. விந்துப் பரிசோதனையில் குறை இருப்பது. ஒரே முடிவை வைத்துத் தீர்மானிக்காமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு

தொடை இடுக்கில் சிறிதாகக் கீறி, நுண்ணோக்கியின் உதவியோடு பழுதான சிரைகளை மட்டும் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. விதையைச் சுற்றி நீர் கோர்ப்பதும், புடைப்பு மீண்டும் வருவதும் சிலருக்கு நேரலாம்; நுண்ணோக்கி முறையில் இவை குறைவு.

பலன் உடனே தெரியாது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 70 நாட்களுக்கு மேல் ஆகும். ஆகவே 3 மாதத்திலும் 6 மாதத்திலும் மறுபரிசோதனை செய்வார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு நிலை மேம்படுகிறது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் குழந்தை உண்டாகிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இங்கே மனைவியின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவருக்கு 35 வயதைக் கடந்திருந்தால், ஓராண்டு வரை பொறுக்காமல் 6 மாதத்திலேயே இருவரும் மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் காத்திருப்பதா, செயற்கைக் கருத்தரிப்புக்குச் செல்வதா என்பதையும் இருவரும் சேர்ந்தே கேட்டு முடிவெடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மருமகளை இன்னொரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் முன், மகனை ஒரு விந்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் தாம்பத்திய உறவைத் தவிர்த்திருந்தால் போதும். வேறு சிரமம் எதுவும் இல்லை. இந்த ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போட்டு வந்ததால், தன்னிடம் இல்லாத குறைக்காக ஆண்டுக்கணக்கில் பேச்சு வாங்கிய பெண்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.