லாச்சிப் பெட்டியும் நாலு போல்ற்றும்

வண்டிக்குப் பின்னால் லாச்சி அடிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது எந்தப் பலகை நல்லது என்றுதான். அடுத்த கேள்வி, லாச்சிக்கு எந்தச் சனல் பூட்டுவது. பெட்டியை வண்டியோடு எப்படிப் பிணைப்பது என்று ஒருவராவது முதலில் கேட்டது கிடையாது. பலகை பிழைத்தால் மாற்றலாம். சனல் இறுகினால் கழற்றி எறியலாம். பிணைப்புப் பிழைத்தால் பெட்டி அப்படியே வந்து பின் சீற்றில் இருப்பவரின் முதுகில் ஏறும். அதனால் நான் பிணைப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

என் தொழில் தோட்டத்து நீர்ப்பம்பி, குழாய்க்கிணற்று மோட்டர், சோலர் பம்பி திருத்துவது. இருப்பது கிளிநொச்சியில். அழைப்பு விசுவமடுவிலிருந்தும் வரும், மல்லாவி, முத்தையன்கட்டு, நெடுங்கேணியிலிருந்தும் வரும், சில வேளை கொக்குத்தொடுவாயிலிருந்தும் வரும். 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்தோமே, அந்த மாதங்களில் கியூஆரைக் காட்டிக் கிடைத்த டீசல் ஒரு பயணத்துக்கே மட்டுமட்டு. முத்தையன்கட்டில் போய் மோட்டரைக் கழற்றிய பிறகு சீல் ஒன்று கொண்டுவரவில்லை என்று தெரிந்தால், கிளிநொச்சிக்குத் திரும்பிப் போய்வர முடியாது. கமக்காரரின் மிளகாய்க் கன்று அதுவரை காத்திருக்காது. சாக்கிலும் பெயின்ற் வாளியிலும் சாமான் கட்டிக்கொண்டு திரிவதை நிறுத்தி, கடையை வண்டிக்குள் ஏற்றுவது என்று அப்போது முடிவெடுத்தேன்.

வண்டி 90களில் யப்பானில் செய்த பஜேரோ. உங்களுடையதும் அந்தக் காலத்து வண்டியாகத்தான் இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்த பிறகும் வரியைக் கேட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் பழையதையே திருத்தி ஓடுகிறோம். அவுஸ்திரேலியாவில் இப்படி வண்டிகளுக்கென்றே லாச்சி செய்து ஆயத்தமாக விற்கிறார்கள். மெல்பேணில் இருக்கிற மச்சான் படங்களை அனுப்பி, “வாங்கி அனுப்பட்டோ?” என்று கேட்டார். கப்பல் கூலியையும் சுங்கத் தீர்வையையும் கூட்டிப் பார்த்ததில் அது எனக்கு எட்டாத காசு. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கேயே செய்தேன். அது சரியான முடிவு என்று இன்றைக்கும் சொல்வேன். உடைந்தால் இங்கேயே திருத்தலாம், உதிரிப்பாகத்துக்கு ஒரு நாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிணைப்பில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வர முன்னர் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் சாரதியாக இருந்தேன். முகமாலைப் பக்கம் வேலை நடக்கும்போது அம்புலன்ஸ் ஒன்று எப்போதும் பக்கத்தில் நிற்கும். அந்த வண்டிக்குள் படுக்கை, மருந்துப் பெட்டி, தண்ணீர்க் கலன் எல்லாவற்றுக்கும் இடமும் பட்டியும் உண்டு. வண்டி புரண்டாலும் ஒரு சாமான் இடம் மாறக்கூடாது என்று சொல்லித் தந்தார்கள். காலையில் எஞ்சின் ஒயில் பார்ப்பதைப் போலவே பட்டிகளையும் இழுத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனது.

ஆகவே என் லாச்சிப் பெட்டிக்கு நான் ஓடாவியாரிடம் கீறிக் கொடுத்த படத்தில் பிணைப்புத் தெளிவாக இருந்தது. பஜேரோவின் மூன்றாம் வரிசைச் சீற்றைக் கழற்றினால் தரையில் அந்தச் சீற் பூட்டிய துளைகள் இருக்கும். ஆள் இருக்கிற சீற்றைத் தாங்க வண்டிக் கொம்பனியே பலப்படுத்தி வைத்த இடங்கள் அவை. பெட்டியின் நாலு மூலையும் அந்தத் துளைகளுக்கு நேரே வரவேண்டும், நாலு போல்ற் இறங்கவேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன்.

ஓடாவியார் பெட்டியை ஓர் அங்குலம் அகலமாக அடித்துவிட்டார். துளை நேருக்கு வரவில்லை. அதை என்னிடம் சொல்லாமல், கூரைத் தகரத்துக்கு அடிக்கிற இஸ்குரூவால் பெட்டியைத் தரைத் தகட்டோடு சுற்றிவர அடித்து முடித்திருந்தார். வண்டியை எடுக்கப் போன நாளில்தான் பார்த்தேன்.

“அண்ணை, போல்ற் எங்கை?”

“தம்பி, நாப்பது வருசமாக் கதவு நிலை வைக்கிறன். இந்த இஸ்குரூ அசையாது.”

“வீடு ஓடாது அண்ணை. இது ஓடுற சாமான்.”

“சரி, கொண்டுபோய் ஓடும். அடுத்த கிழமை கொண்டுவாரும், மாத்தித் தாறன்.”

சிறுபோகத்துக்குத் தண்ணீர் இறைக்கிற காலம். தொலைபேசி அடித்தபடி இருந்தது, வண்டி இல்லாமல் எனக்குப் பிழைப்பில்லை. கொண்டுவந்தேன். அடுத்த கிழமை அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்கடுத்த கிழமை வேறு வீட்டு வேலையில் நின்றார்.

மாங்குளத்தில் ஒரு மோட்டரை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன், பொழுது பட்டுவிட்டது. அக்காவின் மகன் துணைக்கு வந்திருந்தான். பகல் முழுக்கப் பின் சீற்றில் சாய்ந்துகொண்டு வந்தவன், முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் வாங்க இறங்கினான், ஏறும்போது முன்னுக்கு வந்து இருந்துகொண்டான். அங்கிருந்து கொஞ்சத் தூரம்தான் ஓடியிருப்போம். ஏ-9இல் இரவில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், தார் றோட்டின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுத்திருக்கும். எதிரே வந்த பஸ்ஸின் லைற் கண்ணைவிட்டு விலகிய பிறகுதான் கறுப்பு மாடு ஒன்று நடுவில் கிடப்பது தெரிந்தது. வேகம் அறுபது. பிறேக்கை மிதித்தேன், வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை. தரையைக் கிழித்துக்கொண்டு முன்னுக்கு வந்து, பின் சீற்றின் முதுகை முன் சீற்றோடு சேர்த்து மடித்துவிட்டது.

டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். இஸ்குரூ ஒன்றுகூட முறியவில்லை. தரைத் தகட்டில் இருந்த ஓட்டைகள் நீளவாக்கில் கிழிந்திருந்தன. பெட்டியின் அடியில் இஸ்குரூக்கள் வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன, ஒவ்வொன்றின் புரியிலும் கார்ப்பெற் நூல் சுற்றிக் கிடந்தது. அவன் முன்னுக்கு வந்து இருந்தது பிள்ளையார் செயல் என்று அக்கா இன்றும் சொல்கிறா. நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கணக்கைப் பாருங்கள். பெட்டியும் சாமானும் சேர்ந்து ஏறக்குறைய 160 கிலோ. பலமாகப் பிறேக் பிடித்தாலே நூறு கிலோவுக்கு மேற்பட்ட தள்ளுவிசை முன்னுக்கு வரும். அறுபதில் ஓடுகிற வண்டி எதிலாவது மோதி அரை மீற்றருக்குள் நின்றால், பெட்டி தன் எடையைப்போல 28 மடங்கு விசையோடு முன்னுக்குப் பாயும். அது நாலரைத் தொன். வண்டியின் தரைத் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வருவதே பெரிய காரியம். அந்தத் தடிப்பில் தகர இஸ்குரூவின் ஒரு புரிகூட முழுதாகப் பிடிக்காது. தலையில் 8.8 என்று பொறித்த எட்டு மில்லிமீற்றர் போல்ற் ஒன்று இழுவையில் மட்டும் இரண்டு தொன் தாங்கும். நாலு போல்ற் கேட்டது என் பிடிவாதம் என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை. திரும்பக் கழற்றிப் பூட்டுவதற்கும் அந்த ஓடாவியார் கூலி கேட்டார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கொடுக்கவில்லை. வேறு இடத்தில் செய்வித்தேன்.

இரண்டாம் முறை செய்தது இப்படி. முதலில் பெட்டிச் சட்டத்தின் உள் மூலைகளில் இரும்பு ஆங்கிள் துண்டு. போல்ற் மரத்தை மட்டும் பிடித்தால் மரம் பிளக்கும், ஆங்கிளுக்குள்ளால் போகவேண்டும். சீற் துளைகளுக்குப் பழைய போல்ற்றையே கையில் கொண்டுபோய் ஹாட்வெயாரில் புரி ஒப்பிட்டு வாங்குங்கள். சீற் பெல்ற் பூட்டும் துளையைப் பயன்படுத்துவதானால் இன்னும் கவனம்: யப்பான் வண்டிகளிலும் அது பெரும்பாலும் 7/16 அங்குலப் புரி. மில்லிமீற்றர் போல்ற்றை வலிந்து முறுக்கினால் புரி போய்விடும், பிறகு பெல்ற்றும் இல்லை பெட்டியும் இல்லை. துளையே இல்லாத மூலைக்குப் புதிதாகத் துளைக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். டீசல் தாங்கி, பிறேக் குழாய், வயர்க் கட்டு மூன்றும் அந்தப் பக்கத்தில்தான் ஓடும். தரைக்கு அடியில் மூன்று அங்குலச் சதுரத்தில் மூன்று மில்லிமீற்றர் தகடு வைத்து, அதற்குப் பிறகு வாசர், அதற்குப் பிறகு லொக் நட். துளையின் ஓரத்துக்குத் துருப்பிடிக்காத பெயின்ற், மேலே சிலிக்கன். வெள்ளத்தில் இறங்குகிற வண்டிகளுக்கு இது கட்டாயம். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிக் கதவு திறந்தபோது எங்கள் றோட்டுகளில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

மற்றப் பலகை வேலை எல்லாம் வழக்கமானதுதான். அள, வெட்டு, பசை, இஸ்குரூ, வார்னிஷ். சில்லு மேட்டுக்கு இடையிலான அகலத்தை மட்டும் கீழே, நடுவே, மேலே என மூன்று இடத்தில் அளவுங்கள், பின்கதவின் வாயையும் அளவுங்கள். உள்ளே கொள்கிற பெட்டி கதவால் நுழையாமல் போகலாம்.

பலகை பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து. முதிரை கிடக்கிற வன்னியில் பிளைவுட் வாங்குகிறானே என்று என் காது படவே சொன்னார்கள். முதிரை நல்ல மரம், வீட்டு நிலைக்கு வையுங்கள். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீற்றர் பிளைவுட் 35 கிலோ வரும். அதே அளவு முதிரைப் பலகை 50 கிலோவைத் தொடும். அந்த 15 கிலோவும் ஒவ்வொரு கிரவல் றோட்டிலும் ஸ்பிரிங்கைத் தின்னும், டீசலையும் தின்னும். மரத்தைக் கொண்டுவர வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் எடுக்கவேண்டும். நான் மேல்தட்டுக்கு 18, பக்கங்களுக்கும் லாச்சிக்கும் 12 போட்டேன். தண்ணீர் பட்டாலும் பிரியாத மரைன் வகை. எம்டிஎப் பலகை பக்கமே போகவேண்டாம், ஒரு மாரிக்குள் ஊதிவிடும்.

முதிரையை நான் பயன்படுத்தியது ஓர் இடத்தில்தான், அங்கே அதற்கு நிகர் இல்லை. குசினி அலுமாரிக்குப் போடுகிற பெயரிங் சனல் எங்கள் புழுதிக்கு நிற்காது. கிரவல் றோட்டில் ஓடும்போது வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, அதனால் பின்கதவின் ஒவ்வொரு இடுக்காலும் புழுதி உள்ளே இழுபடுகிறது. அது பெயரிங்குக்குள் போய் ஒயிலோடு குழைந்தால் சேறுதான். பாரத்தோடு இழுத்தால் சனலே வளைந்துவிடும். நான் சனலே போடவில்லை. ஒன்றரை அங்குல முதிரைச் சட்டத்தை வழவழப்பாகச் சீவி, மெழுகுதிரியைத் தேய்த்து, அதன்மேல் லாச்சி நேரே வழுக்கி ஓடுகிறது. புழுதி ஏறினால் துணியால் துடைத்து மறுபடியும் மெழுகு. ஒயிலும் கிறீசும் பூசவே கூடாது. பின்கதவு ரப்பர் பீடிங் புதிது போட்டு, பின் கண்ணாடிகளைப் பூட்டி, முன்னால் வெளிக்காற்று எடுக்கும் விசிறியைப் போட்டுக்கொண்டு ஓடினால் புழுதி பாதியாகக் குறையும். உள்ளே அழுத்தம் கூடினால் வெளியே இருப்பது உள்ளே வராது.

லாச்சிக்குப் பூட்டு வேண்டாம், பாரத்துக்குத் தானே நிற்கும் என்று சொல்கிறவர்கள் குளக்கட்டில் வண்டி ஏற்றிப் பார்க்காதவர்கள். எங்கள் நிலம் மட்டமானதுதான். ஆனால் முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ கட்டில் ஏறும் நேரத்தில் லாச்சி முழுப் பாரத்தோடு பின்னுக்கு வந்து கதவில் சாய்ந்து நிற்கும். இறங்கிக் கதவைத் திறந்தால் கால் எலும்பில் வந்து இடிக்கும். லாச்சிக்கு இரண்டு கொண்டி, இரு பக்கமும். ஒன்று அதிர்வில் கழன்றாலும் மற்றது பிடிக்கும்.

பாரம் வைக்கும் முறையும் முக்கியம். பற்றறி, கழற்றிய மோட்டர் போன்றவற்றைப் பின் அச்சுக்கு முன்னால், சீற்றோடு ஒட்டி வையுங்கள். அச்சுக்குப் பின்னால் தொங்குகிற பாரம் முன் சில்லைத் தூக்கும், ஈரக் கிரவலில் சுக்கான் சொன்ன பக்கம் போகாது. பெட்டியின்மேல் வைக்கிற குழாய், கயிறு, தண்ணீர்க் கலன் எதையும் சும்மா விடாதீர்கள். மேல்தட்டில் நாலு வளையம் போல்ற் பண்ணிப் பட்டியால் இழுத்துக் கட்டுங்கள், சீற்றுக்குப் பின்னால் ஒரு கம்பி வலையும் போடுங்கள். ஜக் இருக்கும் இடத்தையும் சில்லுச் சாவி இருக்கும் இடத்தையும் பெட்டியால் மூடிவிட வேண்டாம். நெடுங்கேணிக் காட்டுப் பாதையில் ரயர் போனால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு நிற்க முடியாது.

புதிதாகப் பூட்டிய போல்ற் முதல் கிழமை ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், மரம் அமர்வதால் அப்படி. ஒருமுறை மீண்டும் முறுக்குங்கள். அதன்பிறகு மாரிக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம்.

வேலை முடிந்தது என்று செய்தவர் சொல்கிற நாளில், கூலியைக் கொடுக்க முன்னர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுங்கள். அடித்தகடுகளைக் கையால் தடவிப் பாருங்கள். எழும்பி வந்து லாச்சியை வெளியே இழுத்துவிட்டு, பெட்டிக்குள் டோர்ச் அடித்து மூலைக்கு ஒரு போல்ற் இருக்கிறதா என்று பாருங்கள், தலையில் 8.8 இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள், அடுத்த கிழமை மாற்றித் தருகிறேன் என்று சொன்னாலும், எந்த மிளகாய்த் தோட்டம் காத்திருந்தாலும் எடுக்காதீர்கள்.