பொதுத் தொடர்பியலில் முதுகலை: நம் பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்பா?



தாராவி தொண்ணூறு அடி சாலையில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். "அண்ணாச்சி, மக பி.காம். முடிச்சிட்டா. மேல எம்.ஏ. தொடர்பியல் படிக்கப் போறேங்கிறா. நாலு பேர்கிட்டப் பேசுறதுக்கு ஒரு படிப்பா? நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் சொல்வதே சரியென்று பட்டது. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வே சிக்னல் பிரிவில் காலத்தைக் கழித்தவன் நான். ஆனாலும் விசாரிக்காமல் புத்தி சொல்லக் கூடாதென்று பத்து நாள் அவகாசம் கேட்டேன். அந்தப் பத்து நாளில் அறிந்துகொண்டது மற்றப் பெற்றோர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

இது என்ன படிப்பு?

ஒரு செய்தி பலரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது, சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறது என்று ஆராய்வதே தொடர்பியல். அரசும் நகராட்சியும் மருத்துவமனையும் மக்களிடம் பேசுவது பொதுத் தொடர்பு. கட்சிகளும் தலைவர்களும் பத்திரிகைகளும் மக்கள் கருத்தை உருவாக்குவது அரசியல் தொடர்பு.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. கேட் மூடியிருக்கிறதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டால், கேட்மேன் 'மூடியாயிற்று' என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு பிரைவேட் நம்பரும் கொடுக்க வேண்டும். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அந்தச் செய்திக்கு மதிப்பு. சொன்னால் மட்டும் போதாது, சரியாகச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும் என்பதே அந்த விதியின் பொருள்.

இது தவறினால் என்ன ஆகும்? 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் நடைபாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் இறந்தனர். மழையும் குறுகலான படிக்கட்டும் பெருங்கூட்டமும் காரணங்கள். அதோடு, 'பூ விழுந்துவிட்டது' என்று ஒருவர் இந்தியில் கத்தியது 'பாலம் விழுந்துவிட்டது' என்று பலர் காதில் விழுந்ததாகப் பிழைத்தவர் ஒருவர் விசாரணையில் கூறினார். இந்தியில் அந்த இரு சொற்களுக்கும் ஒலி அவ்வளவு நெருக்கம்.

நம் ஊரிலேயே இரண்டு பாடங்கள்

1960-இல் பால் தாக்கரே 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழைத் தொடங்கினார். இந்நகரின் அலுவலகங்களில் உயர் பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்கள் அதில் பட்டியலாக வெளிவந்தன. தொடக்கத்தில் தலைப்பு, 'படியுங்கள், பேசாமல் இருங்கள்' என்ற பொருளில் இருந்தது. பின்னர் 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று மாறியது. 1966-இல் சிவசேனா பிறந்தது. மாட்டுங்காவில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. பட்டியலில் இருந்தவை வெறும் பெயர்கள்தாம். ஆனால் தேர்ந்தெடுத்த பெயர்களை ஒரு தலைப்பின் கீழ் வரிசையாக அடுக்கியபோது அதுவே அரசியலாகிவிட்டது. இதைப் புரிந்துகொள்ளும் கல்விதான் அரசியல் தொடர்பியல். அதை வெறுப்போடு படிக்கக் கூடாது, நிதானத்தோடு படிக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் நல்ல பாடம். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் வாழும் இடம். பலருக்குப் பொதுக் கழிப்பறைதான். எல்லோரும் அஞ்சினார்கள். மாநகராட்சி, அப்பகுதியிலேயே மருத்துவமனை வைத்திருந்த தனியார் டாக்டர்களையும் வீடு வீடாகச் செல்லும் பணியில் சேர்த்துக்கொண்டது. முன்பின் தெரியாத அதிகாரி சொன்னால் கதவைச் சாத்துகிறவர்கள், வழக்கமாக மருந்து கொடுக்கும் டாக்டர் சொன்னால் கேட்பார்கள். பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் வேலை செய்ய இந்த நம்பிக்கையும் தேவைப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களைச் சொல்லும்போது இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு தாராவியையும் குறிப்பிட்டார்.

எங்கே படிக்கலாம்?

செம்பூருக்கு அடுத்த தேவ்நாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. 1936-இல் தொடங்கி, 1954-இல் தேவ்நாருக்கு வந்த நிறுவனம். அங்கே ஊடகமும் பண்பாடும் பற்றிய இரண்டாண்டு முதுகலை உண்டு. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. முறைகள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மும்பைப் பல்கலைக்கழகத்திலும் தொடர்பியல், இதழியல் துறை இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் முதுகலை உண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ், ஷெஃபீல்ட் பல்கலைக்கழகங்கள் அரசியல் தொடர்பியல் முதுகலைகளை நடத்தி வந்திருக்கின்றன. ஆனால் அங்கே செலவு மிக அதிகம்.

பத்திரிகை, தொண்டு நிறுவனம், மருத்துவமனை, அரசுத் திட்டங்களின் மக்கள் தொடர்புப் பிரிவு, தேர்தல் ஆய்வு ஆகியவற்றில் வேலைக்கு வாய்ப்பு உண்டு. படித்து முடித்த அன்றே வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எழுதிப் பழகாத பிள்ளைக்கும், முன்பின் தெரியாதவரிடம் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு முதல் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். இந்த நான்கும் கைவசம் இருப்பவர்கள் இத்துறையில் எத்தனை பேர்?

நான் சொன்ன புத்தி

பத்தாம் நாள் மாலை நண்பர் வீட்டுக்குப் போனேன். மகள் வீட்டில் இல்லை. சந்தின் முனையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவே அவள் ஒரு தாளைப் பிரித்து வைத்திருந்தாள். தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய வீட்டுக் கணக்கெடுப்பு பற்றிய தாள் அது. 2000 ஜனவரி 1 என்ற தேதிக்கு என்ன பொருள், அதற்கு முன்பே குடியிருந்ததைக் காட்ட எந்தக் காகிதம் வேண்டும், மாடியில் குடியிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று மராத்தியைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரு பாட்டியிடம், "ஆச்சி, நான் சொன்னதை நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் பிரைவேட் நம்பர் ஞாபகம் வந்தது.

நண்பரிடம், "அவளுக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுங்கள்" என்றேன். அவர் இன்னும் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. ஆனாலும் பணம் கட்டிவிட்டார்.

பெற்றோர்களே, பிள்ளை இப்படி ஒரு படிப்பைக் கேட்டால், மறுப்பதற்கு முன் பத்து நாள் விசாரியுங்கள். உங்கள் வீடு யாருடையது என்பதை முடிவு செய்யும் தாளை உங்களுக்குப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கட்டுமே.