கிளஸ்டரில் கணக்கு ஓட்டுவது எப்படி?

கிளஸ்டர் என்றதும் மந்திரப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 1994-ல் நாசாவின் காடர்ட் மையத்தில் ஸ்டெர்லிங், பெக்கர் இருவரும் 16 சாதாரண 486 கம்ப்யூட்டர்களை ஈதர்நெட்டால் இணைத்தார்கள். அடிப்படை இன்றும் அதேதான். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிய 'பரம் பொருள்' 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது உச்ச வேகத்தில் வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு!

நாம் முதலில் நுழைவது லாகின் நோடு. அது பொதுத் திண்ணை மாதிரி. ஃபைல் திருத்தலாம், கம்பைல் பண்ணலாம். பெரிய கணக்கை அங்கேயே ஓட்டினால் மற்றவர்களுக்கு ஒரு எழுத்து தட்டினால்கூட லேசில் திரையில் வராது.

எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எத்தனை மணி நேரம் என்று ஸ்கிரிப்டில் எழுதி 'எஸ்பேட்ச்' கொடுத்தால், ஸ்லர்ம் என்ற மென்பொருள் அதை வரிசையில் வைக்கும். சூட்சுமம் மணி நேரத்தில்தான். பெரிய வேலை ஒன்றுக்காக கோர்கள் ஒவ்வொன்றாகச் சேரும்போது நடுவே 2 மணி நேரம் சும்மா கிடக்கும். 1 மணி நேரம் கேட்டவர் அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார். 'எதுக்கும் இருக்கட்டுமே' என்று 24 கேட்டவர் காத்துக் கிடப்பார்.

ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. எனக்குத் தெரிந்த எம்.ஈ. அண்ணன் ஒருவர் 48 மணி நேரம் கேட்டிருந்தார். கணக்கு முடியவில்லை, ஸ்லர்ம் நிறுத்திவிட்டது. இடையில் எதையும் டிஸ்கில் எழுதி வைக்கவில்லை. மறுநாள் ரிவியூ, இரண்டு நாள் வேலையும் போச்சு!

ஆகவே முதலில் சின்ன அளவில் ஓட்டி நேரம் பாருங்கள். அதை வைத்து முழுக் கணக்குக்கு ஆகும் நேரத்தைக் கணித்து, கால் பங்கு கூட்டிக் கேளுங்கள். மணிக்கொரு தடவை இடைநிலை விடையை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள், நின்ற இடத்திலிருந்தே தொடரலாம்.